அருவித் தண்ணி எப்படி இருக்கு?

(சாரல் நாளொன்றின் மாலையில், தென்காசியில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

ஆங்கில இலக்கணம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற நாளில், இலக்கணம் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்கே ஆச்சரியம். மழைக்கு ஒதுங்கியவர்களும் இதில் இருப்பீர்கள். உங்களுக்கும் வரவேற்பு. மழை விடுகிறவரை பேசுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, குற்றாலம். அருவித் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எழுத நினைத்தேன். ‘தி வாட்டர் ஃபீல்ஸ் கோல்ட்லி’ என்று எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தது. ‘கோல்ட்லி’யில் இருந்த ‘லி’யைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், அரை மதிப்பெண் போச்சு. எழுந்து நின்று, “ஏன் சார் தப்பு?” என்று கேட்டேன். “அது அப்படித்தான்லே, உக்காரு” என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் அதே வகுப்பில் ஒரு சூத்திரம் சொல்லித் தந்திருந்தார்கள். தமிழில் ‘ஆக’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் ‘எல்.ஒய்.’ போடு. மெதுவாக என்றால் ‘ஸ்லோலி’, வேகமாக என்றால் ‘குவிக்லி’, அழகாக என்றால் ‘பியூட்டிஃபுலி’. நான் அந்தச் சூத்திரத்தை ஒழுங்காகப் பின்பற்றினேன். குளிர்ச்சியாக, ஆகவே ‘கோல்ட்லி’. சொன்னபடி செய்தவனுக்குத் தண்டனை!

பிறகு நானும் ஆங்கில ஆசிரியர் ஆனேன். முப்பது வருஷத்துக்கு மேல் இதே ‘லி’யை என் மாணவர்களின் நோட்டுகளில் பார்த்தேன். ‘தி மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி.’ ‘தி டெம்பிள் லுக்ஸ் பியூட்டிஃபுலி.’ படிக்கிற பிள்ளைதான் இந்தத் தப்பை அதிகம் செய்யும், படிக்காத பிள்ளை ‘லி’ போடவே போடாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தத் தப்பின் வேர் ஆங்கிலத்தில் இல்லை, நம்முடைய தமிழில் இருக்கிறது. பிள்ளைக்குள் தமிழ் சரியாக வேலை செய்வதால் வருகிற தப்பு இது. அதைத் திருத்தவும் தமிழ்தான் வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் இணைப்பு வினை.

‘இவர் என் அண்ணன்.’ இது முழு வாக்கியம். இதில் வினைச்சொல் எங்கே? இல்லை. ‘தண்ணி ஐஸ்.’ இதிலும் இல்லை. எழுவாய்க்குப் பக்கத்தில் ஒரு பெயரை வைத்தால் போதும், நமக்கு வாக்கியம் முடிந்துவிடும். பெயர்ப் பயனிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எழுவாய் எதைக் கொண்டெல்லாம் முடியும் என்று தொல்காப்பியர் ஆறு வகையாகப் பிரித்துச் சொல்கிறார். அதில் வினையைக் கொண்டு முடிவது ஒரு வகை. பண்பைக் கொண்டு முடிவதும் பெயரைக் கொண்டு முடிவதும் வேறு வகைகள். வினை வந்தால்தான் வாக்கியம் என்கிற கட்டாயம் தமிழில் அன்றைக்கே கிடையாது.

ஆங்கிலத்தில் அந்தக் கட்டாயம் உண்டு. ‘ஹி மை பிரதர்’ என்றால் அவர்கள் காதுக்கு அது வாக்கியம் இல்லை. நடுவில் ‘இஸ்’ வேண்டும். அந்த ‘இஸ்’ என்ன வேலை செய்கிறது? ஓடுகிறதா, சாப்பிடுகிறதா? ஒன்றும் செய்வதில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா கையில் வாழைநார் இருக்கிறதே, அது மாதிரி. பூவைத்தான் நாம் பார்க்கிறோம், நாரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நார் இல்லாவிட்டால் சரம் கிடையாது. இணைப்பு வினை என்பது அந்த நார்.

இதையே மறுபக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நம்முடைய பழைய திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் உட்கார்ந்து கால்டுவெல் தமிழை ஆராய்ந்தார். 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. ‘இஸ்’ இல்லாமல் மூச்சு விட முடியாத ஒரு மொழியிலிருந்து வந்தவர். இங்கே வந்து பார்த்தால், ‘நல்லன்’, ‘கரியன்’ என்று பண்புச் சொல்லே விகுதி ஏற்று, வினை மாதிரி வாக்கியத்தை முடித்துவிடுகிறது. நாம் குறிப்பு வினைமுற்று என்கிறோமே, அது. இப்படிப் பெயரே வினையின் உடுப்பைப் போட்டுக்கொள்வதைத் தம் நூலில் அவர் தனியாக எடுத்துப் பேசுகிறார். அவர் நாரை மறக்கப் பழக வேண்டியிருந்தது. நாம் நாரைத் தேடப் பழக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அவர் வாத்தியார் அல்ல’, ‘அவர் வீட்டில் இல்லை’. இன்னார் என்பதை மறுக்க ‘அல்ல’, இருப்பை மறுக்க ‘இல்லை’. நல்ல தமிழ் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘இஸ் நாட்’ என்ற ஒரே தொடரைப் போடுகிறது. நம் மொழி சில இடத்தில் நுட்பமாகப் பிரிக்கும், அவர்கள் மொழி வேறு சில இடத்தில் பிரிக்கும். அவர்கள் பிரிக்கிற இடத்தில் நாம் பிரிக்காமல் வைத்திருந்தால், நம் கால் அங்கேதான் தடுக்கும்.

அப்படித் தடுக்குகிற இடம்தான் ‘ஆக’.

‘செல்வி அழகாகப் பாடினாள்.’ ‘செல்வி அழகாக இருக்கிறாள்.’ இரண்டிலும் ஒரே ‘அழகாக’. ஆனால் முதல் வாக்கியத்தில் அழகு எதன்மேல் போய் உட்காருகிறது? பாட்டின்மேல். செல்வி எப்படி இருந்தாள் என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. இரண்டாவதில் அழகு செல்வியின்மேல் உட்காருகிறது. வினையின்மேல் உட்கார்ந்தால் ஆங்கிலத்தில் ‘லி’ வரும், ‘பியூட்டிஃபுலி’. ஆளின்மேலோ பொருளின்மேலோ உட்கார்ந்தால் ‘லி’ வராது, வெறும் ‘பியூட்டிஃபுல்’. தமிழ் இரண்டுக்கும் ஒரே ‘ஆக’ போடுகிறது. அதனால்தான் அந்தச் சூத்திரம் பாதி சரி, பாதி தப்பு.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாக்கியத்தில் இருக்கிற வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ஸையோ ‘வாஸ்’ஸையோ வையுங்கள். பொருள் பெரிதாகக் கெடவில்லை என்றால் அது நார். ‘லி’ வேண்டாம். ‘தி வாட்டர் ஃபீல்ஸ் கோல்ட்.’ ‘தி வாட்டர் இஸ் கோல்ட்.’ சரியாகத்தானே இருக்கிறது? நார். ‘ஷி சாங் பியூட்டிஃபுலி’யில் ‘வாஸ்’ வைத்தால் பாட்டே காணாமல் போய்விடும். அப்படியானால் அது செயல். ‘லி’ போடு.

இனி புலன் வினைகளுக்கு வருவோம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ‘இஸ்’ என்பது வெறும் நார். ‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ இந்த ஐந்தும் மணம் ஏறிய நார்கள். கட்டுகிற வேலையைத்தான் செய்கின்றன. கூடவே, இந்தச் செய்தி எந்த வழியாக என்னிடம் வந்தது, கண் வழியா, காது வழியா, நாக்கு வழியா என்று சொல்லிவிட்டுப் போகின்றன.

தென்காசிக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. நம் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். ‘தி டவர் லுக்ஸ் ஓல்ட்’ என்று ஒரு பயணி எழுதினால் அது சரி. ‘தி டவர் இஸ் ஓல்ட்’ என்று எழுதினால்? பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. ஆனால் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இப்போது நாம் அண்ணாந்து பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990-இல் எழுந்தது. பழையதாகத் தெரிகிறது, பழையது அல்ல. ‘லுக்ஸ்’ என்றால் கண் சொன்ன சாட்சி. ‘இஸ்’ என்றால் தீர்ப்பு. சாட்சிக்கும் தீர்ப்புக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு சொல் காட்டுகிறது.

இந்த ஐந்து சொற்களில் ஒரு சிக்கலும் உண்டு. இவை சில நேரம் நார், சில நேரம் செயல். புளியங்குடிக்குப் போகிற பஸ்ஸில் நீங்கள் சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்கள். ‘தி கண்டக்டர் லுக்ட் ஏங்க்ரி’ என்றால், அவர் முகம் கோபமாக இருந்தது, அவ்வளவுதான். உங்களை அவர் பார்க்கக்கூட இல்லாமல் இருக்கலாம். ‘தி கண்டக்டர் லுக்ட் ஏங்க்ரிலி அட் மீ’ என்றால் உங்களைப் பார்த்து முறைத்தார். முதலாவது முகத்தின் நிலை. இரண்டாவது கண்ணின் வேலை.

பிள்ளைகளுக்கு மறக்காமல் இருக்க நான் ஒரு ராஜபாளையம் நாயைக் கொண்டுவருவேன். ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் நாயைக் குளிப்பாட்ட வேண்டும். ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால், இலக்கணப்படி, நாய்க்கு மோப்பம் சரியில்லை, வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். அதே கணக்கில் ‘ஐ ஃபீல் பேட்’ என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘ஐ ஃபீல் பேட்லி’ என்பதை மயிர் பிளந்து பார்த்தால், என் விரலுக்குத் தொடு உணர்வு குறைந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆங்கிலேயர்களிலேயே பலர் இப்படிச் சொல்லத்தான் செய்கிறார்கள். தேர்வில் நீங்கள் சொல்லாதீர்கள்.

‘நல்லா’ என்கிற நம் சொல்லையும் இங்கேயே கவனியுங்கள். ‘நல்லாப் பாடுதா’ என்றால் ‘வெல்’. ‘பாட்டு நல்லா இருக்கு’ என்றால் ‘சவுண்ட்ஸ் குட்’. ஆனால் ‘வெல்’ என்பதற்கு உடல்நலம் என்று இன்னொரு பொருளும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெரியவரிடம் ‘யூ லுக் வெல்’ என்று சொல்லுங்கள், உடம்பு தேறியிருக்கு என்று பொருள். ‘யூ லுக் குட்’ என்றால் புது வேட்டி பொருத்தமாக இருக்கு என்கிற மாதிரி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்துகிறார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும். அடுத்த படியில் நாச்சுவை சேர்கிறது. எறும்பு மாதிரி உயிர்களுக்கு மூக்கும் சேர்கிறது. நண்டுக்கும் தும்பிக்கும் கண். அதற்கு மேல் செவி. ஆறாவதாக மனம், அது மனிதனுக்கு. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல், பிறகு மனம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு புலனுக்கும் மொழியில் மூன்று வேலை உண்டு. நாமாக முனைந்து செய்வது ஒன்று. தானாக நம்மிடம் வந்து சேர்வது இரண்டு. பொருள் நமக்குத் தன்னைக் காட்டுவது மூன்று. 1980-களில் சுவீடன் நாட்டு மொழியியலாளர் ஓகே வீபெரி பல மொழிகளை ஒப்பிட்டு இந்த மூன்று வகையை விளக்கினார். ஆங்கிலத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தொடுதலுக்கு மூன்று வேலைக்கும் ‘ஃபீல்’. சுவைக்கு மூன்றுக்கும் ‘டேஸ்ட்’. மணத்துக்கு மூன்றுக்கும் ‘ஸ்மெல்’. நாம் முகர்வதற்கும், மணம் வந்து சேர்வதற்கும், பொருள் மணப்பதற்கும் ஒரே சொல்தான்.

கண்ணுக்கு வந்ததும் சொல் பிரிகிறது. முனைந்து பார்ப்பது ‘லுக் அட்’, கண்ணில் படுவது ‘சீ’, தோற்றம் தருவது ‘லுக்’. காதில் இன்னும் தெளிவு. முனைந்து கேட்பது ‘லிசன்’, காதில் விழுவது ‘ஹியர்’, ஒலிப்பது ‘சவுண்ட்’. மூன்று வேலைக்கு மூன்று தனிச் சொல். ஆக, தொல்காப்பியரின் ஏணியில் கீழ்ப்படி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு புலனுக்கு ஒரு சொல்தான். மேல்படிகள் இரண்டில்தான் சொற்கள் கிளைக்கின்றன. இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வகுப்பில் நினைவில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் எப்படி? காதுக்கு நாம் கஞ்சர்கள். பாட்டுக் கேட்டேன், இடி கேட்டது, வழி கேட்டேன், எல்லாம் ‘கேள்’. ‘லிசன்’, ‘ஹியர்’, ‘ஆஸ்க்’ மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. ஆனால் நாக்குக்கு வந்தால் நாம்தான் பணக்காரர்கள். இனிக்குது, புளிக்குது, கசக்குது, உறைக்குது, துவர்க்குது, உப்புக் கரிக்குது. சுவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ஆங்கிலத்தில் ‘மாம்பழம் இனிக்குது’ என்று ஒரே வினையில் சொல்ல வழி கிடையாது. ‘டேஸ்ட்ஸ்’ என்று ஒரு நார், ‘ஸ்வீட்’ என்று ஒரு பூ, இரண்டையும் கட்டித்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு தப்பும் நுழையும். சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டு ‘இட் இஸ் டேஸ்டிங் ஸ்வீட்’ என்போம். இதற்கும் மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘மங்குஸ்தான் இனித்துக்கொண்டிருக்கிறது’ என்று யாராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம். ‘இனிக்குது’ என்போம். ஆகவே ‘டேஸ்ட்ஸ்’. ‘சமையல்காரர் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று சொல்வோமா? சொல்வோம். ஆகவே அங்கே ‘இஸ் டேஸ்டிங்’ சரி. உங்கள் தமிழ்க் காதே தேர்வாளர். ‘ஃபீல்’, ‘லுக்’ இரண்டுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. ‘ஐ ஆம் ஃபீலிங் கோல்ட்’ என்றால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

மூக்குக்கு ஒரு வார்த்தை. சங்கப் பாட்டில் ‘நாறு’ என்றால் மணம் வீசு என்று பொருள். பூ நாறும், கூந்தல் நாறும். இன்று யார் கூந்தலையாவது நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள்! ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘இட் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்று பூவைச் சேர்த்தால் நறுமணம். எதையும் சேர்க்காமல் ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று நிறுத்தினால் நாற்றம்.

சரத்தில் பண்புச் சொல்லுக்குப் பதில் பெயரைக் கட்டினால்? ‘மல்லிகை மாதிரி மணக்குது’ என்கிறோம். அந்த ‘மாதிரி’யை ஆங்கிலத்திலும் விட்டுவிடக்கூடாது. ‘இட் ஸ்மெல்ஸ் லைக் ஜாஸ்மின்.’ மலைமேல் மேகம் இறங்கினால் ‘மழை வர்ற மாதிரி இருக்கு’ என்கிறோம். ‘இட் லுக்ஸ் லைக் ரெய்ன்.’ இரண்டு மொழியும் இங்கே தோளோடு தோள்.

ஐந்து புலன் முடிந்தது. ஆறாவது மனம். அதற்கு ஆங்கிலத்தில் ‘சீம்’. கண்ணோ காதோ தனியாகச் சொல்லாமல், எல்லாம் சேர்ந்து மனம் சொல்வது. ‘இட் சீம்ஸ் ஸ்ட்ரேஞ்ச் டு மீ’, எனக்கு விநோதமாகத் தோன்றுகிறது. அந்த ‘எனக்கு’ ஆங்கிலத்திலும் ‘டு மீ’ என்று நிற்கிறது, கவனித்தீர்களா? எனக்குக் குளிருது, எனக்குப் பசிக்குது, எனக்குத் தோணுது என்று உணர்வையெல்லாம் நான்காம் வேற்றுமையில் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலம் இன்று ‘ஐ ஃபீல் கோல்ட்’ என்று ஆளை முன்னால் நிறுத்துகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘தோன்று’ என்ற பொருளில் ஒரு வினையும் ‘நினை’ என்ற பொருளில் ஒரு வினையும் தனித்தனியே இருந்தன. பின்னால் இரண்டும் ஒலியில் கலந்து ‘திங்க்’ என்று ஆகிவிட்டன. தொலைந்துபோன அந்தத் ‘தோன்று’ ஒரே ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற ‘மீதிங்க்ஸ்’ அது. நான் நினைக்கிறேன் என்று பலர் அதற்குப் பொருள் எழுதுகிறார்கள். அதன் கட்டுமானப்படி பொருள், ‘எனக்குத் தோணுது’. ஒரு காலத்தில் ஆங்கிலேயனும் நம் மாதிரியே சொன்னான் என்பது எனக்குத் தெரிந்த அன்று, வகுப்பில் அரை மணி நேரம் வேறு எதுவும் நடத்தவில்லை.

மாற்றத்தைச் சொல்கிற நார்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிகம்’, ‘கெட்’, ‘டர்ன்’, ‘கோ’. ‘தி மில்க் வென்ட் சவர்’ என்கிறான். பால் எங்கே போனது? எங்கும் போகவில்லை. நாமும்தான் ‘பால் திரிஞ்சு போச்சு’ என்கிறோம். கெட்டது நடந்தால் ‘போ’ என்ற வினையைத் தேடுவது இரண்டு மொழிக்கும் பழக்கம். இங்கேயும் ‘சவர்லி’ வராது. நாருக்குப் பின்னால் ‘லி’ கிடையாது. ‘லோன்லி’, ‘ஃப்ரெண்ட்லி’ மாதிரி பிறக்கும்போதே ‘லி’யோடு பிறந்த பண்புச் சொற்கள் சில உண்டு. அவை தாராளமாக வரலாம்.

முடிக்கிற நேரம். கடைசியாக அந்த ‘ஆக’வுக்கே திரும்புகிறேன். ‘ஆக’ என்பது எங்கிருந்து வந்தது? ‘ஆகு’ என்ற வினையிலிருந்து. வாத்தியார் ஆனார், பழம் ஆனது என்கிறோமே, அந்த ‘ஆகு’. அதுவே ஓர் இணைப்பு வினை. ஆக, தமிழில் நார் இல்லை என்று நான் தொடக்கத்தில் சொன்னது முழு உண்மை அல்ல. இருக்கிறது. ‘குளிர்ச்சியாக’ என்ற சொல்லின் வாலில் சுருட்டி வைத்திருக்கிறோம். பண்போடு நாரையும் சேர்த்தே பூக்கட்டிவிடுகிறோம். அதைப் பிரித்து எடுக்கத் தெரியாமல், வாலை அப்படியே ‘லி’ என்று எட்டாம் வகுப்பில் நான் மொழிபெயர்த்தேன்.

அன்றைக்கு அந்தக் கட்டுரையைத் திருத்துகிற இடத்தில் நான் இருந்திருந்தால், வட்டம் போட்டிருப்பேன். பக்கத்தில் ஒரு வரியும் எழுதியிருப்பேன்: ‘குளிர்ச்சி யார்மேல், தண்ணீர்மேலா, ஃபீல்மேலா?’ பையன் தானே லியை அடித்திருப்பான். இங்கே இருக்கிற ஆசிரியத் தோழர்களிடம் என் வேண்டுகோளும் அதுதான். வட்டம் போடுங்கள். கேள்வியையும் தமிழில் போடுங்கள்.

மழை விட்டிருக்கிறது போல, சத்தம் குறைந்திருக்கிறது. கிளம்புகிறவர்கள் பேரருவிப் பக்கம் போனால், குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டு வருகிற யாரையாவது நிறுத்தி, “அண்ணாச்சி, தண்ணி எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். பல்லைக் கிட்டித்துக்கொண்டு ஒரே சொல்லில் பதில் வரும்: “ஐஸு!” வினையும் இல்லை, ஆகவும் இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் ஒரு முழம் நார் வேண்டும்.